பஸ் கேட்டவர்களும் எழுத்துக் கேட்டவர்களும்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்கக் கறுப்பு மக்களின் உரிமைப் போராட்டம் என்று சொன்னவுடன் நமக்கு மார்ட்டின் லூதர் கிங் ஞாபகத்துக்கு வருகிறார். 1963ல் வாஷிங்டன் நகரில் திரண்ட லட்சக்கணக்கான மக்களின் படம் ஞாபகத்துக்கு வருகிறது. வர வேண்டியதுதான். ஆனால் மேடையில் நின்றவரை நாம் அறிவோம். அந்த மேடைக்குக் கால் நட்டவர்களை அறிவோமா? பருத்திக் காட்டில் கூலிக்கு நின்றவன், பெட்ரோல் பங்க்கில் வண்டி துடைத்தவன், விடுதியில் படுக்கை தட்டிப் போட்டவள், பஸ் ஓட்டியவன் – இவர்கள் என்ன செய்தார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம். ஒரே ஒரு மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். அது தென் கரோலினா.

எழுத்து குற்றமான நாடு

1739ல் அந்த மாகாணத்தில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கலகம் செய்தார்கள். எஜமானர்கள் நடுங்கிப் போனார்கள். மறு வருஷமே, 1740ல், ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அடிமைக்கு எழுதச் சொல்லிக் கொடுப்பவனுக்கு 100 பவுன் அபராதம்! 1834ல் வாசிக்கச் சொல்லிக் கொடுப்பதையும் குற்றமாக்கினார்கள். ஆயுதத்தைக் கண்டு பயப்படுவது போலவே எழுத்தைக் கண்டும் பயந்தார்கள், தோழர்களே. எதிரி எதற்குப் பயப்படுகிறான் என்று பார்த்தால், நமக்கு எது பலம் என்று தெரிந்துவிடும்.

1865ல் அடிமைத்தனம் ஒழிந்தது. ஆனால் நிலம் பழைய கைகளிலேயே இருந்தது. அடிமையாக இருந்தவன் வாரத்துக்குப் பயிரிடுகிறவன் ஆனான். விதைக்கும் உரத்துக்கும் வாயைக் கட்டும் அரிசி பருப்புக்கும் முதலாளியிடம் கடன். அறுவடை முடிந்ததும் முதலாளி கணக்குப் புத்தகத்தைத் திறப்பான். இவ்வளவு பாக்கி என்பான். படிக்கத் தெரியாதவன் அதை எப்படிச் சரிபார்ப்பான்? கைநாட்டு வைத்த பத்திரம் என்ன செய்யும் என்பதை இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1895ல் அந்த மாகாணத்துக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதினார்கள். ஓட்டுப் போட விரும்புகிறவன் அந்த அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியை வாசித்து எழுதிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் 300 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பிள்ளைக்கு ஒரு பள்ளி, கறுப்புப் பிள்ளைக்கு வேறு பள்ளி என்றும் அதே சட்டம் விதித்தது. அடுத்த வருஷம், 1896ல், நாட்டின் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், தனித்தனியாக வைத்தாலும் சமமாக வைத்தால் தப்பில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இந்தக் கண்ணியைக் கவனியுங்கள். பள்ளி இல்லை, ஆகவே எழுத்து இல்லை. எழுத்து இல்லை, ஆகவே ஓட்டு இல்லை. ஓட்டு இல்லை, ஆகவே பள்ளி நிர்வாகத்தில் குரல் இல்லை. குரல் இல்லை, ஆகவே பள்ளி இல்லை! செக்கு மாடு போல ஒரே வட்டத்தில் ஒரு ஜன சமூகத்தையே சுற்ற விட்டார்கள். அந்த வட்டத்தை உடைத்தவர்கள் இரண்டு இடத்தில் உடைத்தார்கள். ஒரு கூட்டம் பள்ளியைப் பிடித்தது. இன்னொரு கூட்டம் எழுத்தைப் பிடித்தது.

முப்பது பஸ், ஒரு பஸ் கூட இல்லை

கிளாரண்டன் என்பது அந்த மாகாணத்தில் ஒரு கவுண்டி. நம் தாலுகா போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி விளையும் பூமி. பத்துப் பேரில் ஏழு பேர் கறுப்பு மக்கள். அங்கே 1949–50ல் சர்க்கார் கணக்குப்படியே நிலைமை என்ன? ஒரு வெள்ளைப் பிள்ளையின் படிப்புக்கு வருஷத்துக்கு 179 டாலர் செலவு. ஒரு கறுப்புப் பிள்ளைக்கு 43 டாலர். 6,531 கறுப்புப் பிள்ளைகள் படித்த 61 பள்ளிகளின் மொத்த மதிப்பு 1,94,575 டாலர். 2,375 வெள்ளைப் பிள்ளைகள் படித்த 12 பள்ளிகளின் மதிப்போ 6,73,850 டாலர். வெள்ளைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல 30 பஸ்கள். கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்று கூட இல்லை. சில பிள்ளைகள் பள்ளிக்கு ஒன்பது மைல் நடந்தார்கள். அணை கட்டியதால் தண்ணீர் ஏறிய பகுதியில் பிள்ளைகள் படகில் துடுப்புப் போட்டுப் பள்ளிக்குப் போனார்கள்.

அங்கே ஜோசப் டிலேன் என்று ஒரு போதகர் இருந்தார். பள்ளி ஆசிரியரும் அவரே. பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவனிடம் போய் ஒரு பஸ் கேட்டார். அந்தத் தலைவன் மர அறுவை மில் முதலாளி. உங்கள் ஆட்கள் அதிகமாக வரி கட்டுவதில்லை, உங்கள் பிள்ளைகளுக்காக வெள்ளைக்காரன் பணத்தைச் செலவழிப்பது நியாயமில்லை என்பது பதில். வேலை வாங்கும்போது கூலியைக் குறைப்பவனே, வரி கட்டவில்லை என்று குறையும் சொல்கிறான்!

பெற்றோர்கள் கையில் இருந்த காசைப் போட்டு ஒரு பழைய பஸ்ஸை வாங்கினார்கள். அது அடிக்கடி நின்றுபோனது. ரிப்பேருக்காவது பெட்ரோலுக்காவது உதவுங்கள் என்று கேட்டார்கள். அதுவும் இல்லை. 1947 ஜூலையில் லெவி பியர்சன் என்ற விவசாயி மனுவில் கையெழுத்துப் போட்டார். சொந்தமாகக் கொஞ்சம் நிலம் உள்ளவர். மூன்று பிள்ளைகளின் தகப்பன். என் பிள்ளைகளுக்கும் மற்றக் கறுப்புப் பிள்ளைகளுக்கும் பஸ் வேண்டும் என்பதுதான் மனு. அடுத்த வருஷம் அது வழக்காயிற்று. அவருடைய நிலம் இரண்டு பள்ளி வட்டாரங்களின் எல்லையில் இருந்தது. வரி கட்டுவது வேறு வட்டாரத்தில் என்று ஒரு சாக்கைப் பிடித்து வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

வழக்குத் தள்ளப்பட்டதோடு விட்டார்களா? பியர்சனுக்குக் கடன் கிடைக்கவில்லை. அவர் வெட்டி வைத்த மரத்தை எடுத்துச் செல்ல மில்காரன் வரவில்லை. அது கிடந்து மக்கியது. அறுவடை இயந்திரம் வாடகைக்குத் தர ஒரு வெள்ளைக்காரனும் முன்வரவில்லை. விளைந்த தானியம் வயலிலேயே கெட்டது. ஒரு பஸ் கேட்டதற்கு இவ்வளவு!

கையெழுத்தின் விலை

வழக்கை நடத்த வந்தது கறுப்பு மக்கள் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கம். அதன் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல். அவர் 1949ல் சொன்னார்: ஒரு மனிதனை வைத்து வழக்குப் போட்டால் அந்த ஒருவனை நசுக்கிவிடுவார்கள், குறைந்தது இருபது பேராவது சேர்ந்து வாருங்கள். ஒற்றைக் குச்சியும் கட்டும் போன்ற கதை, தோழர்களே. அந்த இருபது பேரைச் சேர்க்க எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதமும் மாதா கோயில்களில் கூட்டம், வீட்டுக்கு வீடு பேச்சு. அதே 1949ல் பள்ளிப் பிள்ளைகளே தங்கள் தலைமை ஆசிரியரின் முறைகேடுகளை எதிர்த்து எழுந்தார்கள். பிள்ளைகள் எழுந்ததைப் பார்த்துப் பெற்றோர்கள் கூடினார்கள்.

1949 நவம்பரில் சம்மர்ட்டன் என்ற சிற்றூரில் ஹாரி பிரிக்ஸ் என்பவரின் வீட்டில் மனுவை வைத்தார்கள். நூறு பேருக்கு மேல் கையெழுத்து விழுந்தது. அகர வரிசைப்படி பிரிக்ஸின் பெயர் முதலில் வந்தது. இப்போது கேட்டது பஸ் மட்டுமல்ல. கட்டிடம், ஆசிரியர் எல்லாம் சமமாக வேண்டும் என்று கேட்டார்கள்.

ஹாரி பிரிக்ஸ் யார்? இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கக் கப்பற்படையில் சேவை செய்தவர். ஐந்து பிள்ளைகளின் தகப்பன். பெட்ரோல் பங்க்கில் 14 வருஷ வேலை. கையெழுத்தை வாபஸ் வாங்கு என்றார்கள். மாட்டேன் என்றார். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் முதலாளி ஒரு சிகரெட் பெட்டியைப் பரிசாகக் கையில் கொடுத்து வேலையை விட்டு நிறுத்தினான். அவர் மனைவி எலைசா விடுதியில் வேலைக்காரி, அவரையும் நிறுத்தினார்கள். பிரிக்ஸ் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பருத்தி போட்டார்; வங்கி கடனை நிறுத்தியது. கடைசியில் அவருடைய பசு மாடு கட்டவிழ்த்துக்கொண்டு போய் ஒரு வெள்ளைக் குடும்பத்தின் கல்லறையை மிதித்துவிட்டது என்று மாட்டையே பிடித்து அடைத்தார்கள்! ஊர் வெள்ளையர்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்களாம். பிரிக்ஸ் பிழைப்புத் தேடிப் புளோரிடாவுக்குப் போனார்.

ஆன்னி கிப்சன் என்ற தாய் கையெழுத்துப் போட்டார். அவரும் விடுதி வேலையை இழந்தார். கணவன் வாரத்துக்குப் பயிரிட்டு வந்த நிலத்திலிருந்து குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டார்கள். டிலேனின் ஆசிரியர் வேலை போயிற்று. மனைவியின் வேலையும் போயிற்று. 1951ல் அவர் வீடு தீப்பற்றி எரிந்தபோது தீயணைப்புப் படை வந்து நின்றது. இந்த வீடு ஊர் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று வேடிக்கை பார்த்தது.

தோழர்களே, இந்த விவரத்தை நாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முகமூடி போட்டுக்கொண்டு இரவில் வருகிறவனைப் பற்றிப் புத்தகங்கள் நிறையப் பேசும். பகலில், முகமூடி இல்லாமல், கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவனைப் பற்றிக் குறைவாகவே பேசும். கிளாரண்டனில் முதலில் வந்தது துப்பாக்கி அல்ல. வேலை நீக்கம், கடன் மறுப்பு, குத்தகை ரத்து. அடுப்பில்தான் முதல் அடி விழுந்தது.

நீதிமன்றம் சொன்னது, ஊர் செய்தது

1951 மே மாதம் சார்ல்ஸ்டன் நகரில் விசாரணை. கிளாரண்டனிலிருந்து விடியுமுன்னே வண்டி ஏறி ஜனங்கள் வந்தார்கள். படிக்கட்டிலும் தாழ்வாரத்திலும் நூற்றுக்கணக்கில் நின்றார்கள். இடம் கிடைக்காதவர்கள் உள்ளே நடப்பதை வாய்வழியாகக் கேட்டுக் கேட்டுப் பின்னால் இருப்பவருக்குச் சொன்னார்கள். அதற்குள் வழக்கும் வளர்ந்திருந்தது. சமமாகக் கொடு என்று கேட்பதை விட்டு, பிரித்து வைப்பதே அநீதி என்று கேட்டார்கள். அப்படிக் கேட்கத் தூண்டியவர் வேட்டிஸ் வாரிங் என்ற வெள்ளை நீதிபதி. மூன்று நீதிபதிகளில் இருவர் எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். வாரிங் ஒருவர் மட்டும் பிரித்து வைப்பதே சமமின்மை என்று எழுதினார்.

வழக்கு மேலே போயிற்று. வேறு இடங்களின் வழக்குகளும் சேர்ந்தன. 1954 மே 17ந் தேதி உச்ச நீதிமன்றம், பொதுப் பள்ளிகளில் நிறத்தால் பிள்ளைகளைப் பிரிப்பது செல்லாது என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. கான்ஸாஸ் வழக்கின் பெயரால் உலகம் அதைப் பிரவுன் தீர்ப்பு என்று அழைக்கிறது. அதற்குள்ளே ஹாரி பிரிக்ஸின் கையெழுத்து இருக்கிறது.

தீர்ப்பு வந்தது, பள்ளிக் கதவு திறந்ததா? தென் கரோலினா சர்க்கார், பொதுப் பள்ளி நடத்தும் கடமையையே தன் அரசியல் சட்டத்திலிருந்து எடுத்துவிடும் வேலையைத் தீர்ப்புக்கு முன்பே தொடங்கியிருந்தது! 1955 அக்டோபரில் டிலேன் போதகராக இருந்த லேக் சிட்டி மாதா கோயிலை எரித்தார்கள். ஒரு இரவு வீட்டின் மேல் சுட்டார்கள். டிலேன் திருப்பிச் சுட்டார். சுட வந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிலேன் மீது பிடிவாரண்டு வந்தது. அன்றிரவே ஊரை விட்டுப் போனவர், அந்த மாகாணத்தில் திரும்பவும் குடியேற முடியாமல் 1974ல் இறந்தார். சம்மர்ட்டனின் வெள்ளையர் பள்ளியில் கறுப்புப் பிள்ளைகள் முதன்முதலாகக் கால் வைத்தது 1965ல். அப்போது வெள்ளையர்கள் தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு போனார்கள்.

தீர்ப்பால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வருகிறோமா? இல்லை. அந்தத் தீர்ப்பு இல்லாமல் பின்னால் வந்த எதுவும் வந்திராது. ஆனால் காகிதத்தில் வந்த உரிமையை ஊருக்குள் நடத்திக்கொண்டு வர ஆள் பலம் வேண்டும். ஓட்டு வேண்டும். அதற்கு எழுத்து வேண்டும். இங்கேதான் இரண்டாவது கூட்டத்தின் கதை தொடங்குகிறது.

தீவில் ஒரு இரவுப் பள்ளி

சார்ல்ஸ்டன் நகரை அடுத்து ஜான்ஸ் தீவு இருக்கிறது. அங்கே ஈஸா ஜென்கின்ஸ் என்பவர் விவசாயம் செய்தார். ஒரு பஸ்ஸும் ஓட்டினார். தீவிலிருந்து நகரத்துக்குப் புகையிலைத் தொழிற்சாலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள் அந்த பஸ்ஸில் போவார்கள். போகிற வழியில் ஜென்கின்ஸ் ஓட்டுரிமையைப் பற்றிப் பேசுவார். அரசியல் சட்டத்தின் பகுதிகளைத் தட்டச்சு செய்து கையில் கொடுப்பார். ஆலிஸ் வைன் என்ற பெண் காதால் கேட்டே முழுப் பகுதியையும் மனப்பாடம் செய்துவிட்டார். ஆனால் மனப்பாடம் போதாது, எனக்கு நிஜமாகவே படிக்க வேண்டும் என்றார். சட்டத்தை ஏமாற்றி ஓட்டு வாங்கப் போதுமான ஞாபக சக்தி இருந்தும், எனக்கு எழுத்தே வேண்டும் என்று கேட்ட அந்தப் பெண்ணை மறக்காதீர்கள்.

டென்னஸி மாகாண மலையில் ஹைலாண்டர் என்ற பள்ளி இருந்தது. 1932ல் ஆரம்பித்தது, தொழிலாளருக்கும் சங்க ஊழியருக்கும் வகுப்பு நடத்தியது. வெள்ளையரும் கறுப்பரும் அங்கே ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். ஜென்கின்ஸை அங்கே அழைத்துச் சென்றவர் செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை. தேசிய சங்கத்தில் இருக்கும் எவரும் சர்க்கார் வேலையில் இருக்கக் கூடாது என்று 1956ல் சட்டம் போட்டார்கள். நாற்பது வருஷம் பாடம் சொன்ன அவர் உறுப்பினர் பதவியை விட மறுத்தார். வேலையும் போயிற்று, பென்ஷனும் போயிற்று. நேராக ஹைலாண்டருக்குப் போய் வேலையில் சேர்ந்தார்.

தீவில் ஒரு பழைய பள்ளிக் கட்டிடத்தை ஹைலாண்டர் கொடுத்த கடனில் வாங்கினார்கள். முன்பக்கம் கூட்டுறவுக் கடை, பின்பக்கம் வகுப்பு. வெளியே பார்க்கிறவனுக்குக் கடை மட்டும் தெரியும்! 1957 ஜனவரியில் 14 பேரோடு வகுப்பு ஆரம்பமாயிற்று. வாரத்துக்கு இரண்டு இரவு. உழவு வேலை இல்லாத மாதங்கள்.

ஆசிரியை யார்? பெர்னிஸ் ராபின்சன். செப்டிமா கிளார்க்கின் உறவுக்காரப் பெண். ஆசிரியர் பயிற்சி பெற்றவர் அல்ல. பெண்களுக்குத் தலைமுடி அலங்காரம் செய்யும் தொழில், தையல் தொழில். இவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? மெத்தப் படித்த ஆசிரியர், படிக்காத பெரியவர்களைச் சிறு பிள்ளைகளாக நடத்திவிடுவார் என்று பயந்தார்கள். இன்னொரு காரணமும் உண்டு: இவருடைய வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் கறுப்புப் பெண்கள். இவரை வேலையிலிருந்து நிறுத்த எந்த வெள்ளை முதலாளியும் இல்லை.

முதல் நாள் அவர் சிறு குழந்தைகளின் பாடப் புத்தகத்தைக் கொண்டுபோனார். ஐம்பது அறுபது வயதானவர்களைப் பார்த்ததும் இது ஆகாது என்று எடுத்து வைத்துவிட்டார். நான் ஆசிரியை இல்லை, நாம் சேர்ந்து கற்றுக்கொள்வோம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். வேலைக்குப் போன மகன் எழுதும் கடிதத்தைப் படிக்க வேண்டும். மணியார்டர் பாரம் எழுத வேண்டும். பைபிள் வாசிக்க வேண்டும். தன் பெயரைத் தானே எழுத வேண்டும். இதுதான் பாடத்திட்டம்! சுவரில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனத்தை மாட்டினார். வகுப்பு முடிவதற்குள் நீங்கள் எல்லாரும் இதை வாசிக்க வேண்டும் என்றார்.

கலப்பை பிடித்த கைக்கு பென்சில் பிடிக்கத் தெரியவில்லை. அழுத்தி அழுத்திப் பென்சில்கள் ஒடிந்தன. ஒடிந்தால் வேறு பென்சில் என்றார்கள். அட்டையில் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்து அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுத வைத்தார்கள். அறுபத்தைந்து வயதுக் கிழவி ஒருத்தி, கரும்பலகையில் எழுதியிருந்த பல பெயர்களில் தன் பெயரைத் தானே கண்டுபிடித்து, கோலை வாங்கி எழுத்து எழுத்தாகத் தொட்டுக் காட்டினாள். தனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று பின்னால் ராபின்சன் சொன்னார். அறுபத்தைந்து வருஷம் அந்தப் பெயரை மற்றவர்கள் எழுதினார்கள். கணக்கிலே எழுதினார்கள், கடனிலே எழுதினார்கள். இப்போதுதான் அது அவளுடையதாயிற்று.

பக்கத்துத் தீவுகளிலும் வகுப்புகள் முளைத்தன. 1959ல் போலீஸ் ஹைலாண்டரைச் சோதனை போட்டு செப்டிமா கிளார்க்கைக் கைது செய்தது. இது கம்யூனிஸ்டுப் பயிற்சிப் பள்ளி என்று தெற்கு முழுவதும் சாலையோரத்தில் விளம்பரப் பலகை வைத்தார்கள். ஏழைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவன் எவனாக இருந்தாலும் அவனுக்கு இந்தப் பெயர் காத்திருக்கிறது, தோழர்களே! 1961ல் டென்னஸி சர்க்கார் பள்ளியை மூடியது. ஆனால் வகுப்புகளை மூட முடியவில்லை. கிங் தலைமையில் இருந்த அமைப்பு அவற்றை ஏற்றுக்கொண்டது. ஜார்ஜியாவில் பயிற்சி பெற்று ஊர் ஊராகப் புதிய ஆசிரியர்கள் போனார்கள். அவர்களில் விவசாயக் கூலிகள் இருந்தார்கள். மிசிசிப்பியின் ஃபானி லூ ஹேமர், 1962ல் வாக்காளராகப் பதியப் போனதற்காக 18 வருஷம் உழைத்த பண்ணையிலிருந்து அன்றிரவே துரத்தப்பட்டவர். அவரும் இந்த வகுப்புகளின் ஆசிரியை ஆனார்.

1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. எழுத்துப் பரீட்சை தடுக்கப்பட்டது. அதற்குள் ஊர்தோறும் பதிந்துகொள்ளத் தயாராக ஜனங்கள் இருந்தார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

முதலாவது. யாருடைய கஞ்சிக் கலயம் எதிரியின் கையில் இல்லையோ அவனால் முதலில் எழுந்து நிற்க முடிகிறது. சொந்த நிலம் உள்ள பியர்சன், பஸ் முதலாளியும் தானே ஓட்டுநருமான ஜென்கின்ஸ், சொந்தத் தொழில் செய்த ராபின்சன் – இவர்கள் முன்னால் வந்தது தற்செயல் அல்ல. அப்படியானால் பெட்ரோல் பங்க்கில் நின்ற பிரிக்ஸும், வாரக் குத்தகை கிப்சன் குடும்பமும் ஏன் வந்தார்கள்? இழப்பதற்கு நிறைய இருந்தும் வந்தார்கள். ஆகவே அவர்களுடைய கையெழுத்துக்குக் கனம் அதிகம். இப்படிப்பட்டவனைக் கையெழுத்துப் போடச் சொல்கிற சங்கம், மறுநாள் அவன் அடுப்பு எரியுமா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கொலம்பியா நகரில் கறுப்பு மக்கள் நடத்திய ஒரு சிறு வங்கி, தண்டிக்கப்பட்ட விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தது. ஆரஞ்ச்பர்க் ஊரில் 1955ல், மனுப் போட்டவர்களை வேலை நீக்கிய வியாபாரிகளின் கடைகளைக் கறுப்பு மக்கள் பகிஷ்கரித்தார்கள். அடுப்பில் அடித்தவனைக் கல்லாப் பெட்டியில் திருப்பி அடித்தார்கள்.

இரண்டாவது. சொல்லிக் கொடுப்பவர் நம்மிடமிருந்தே வர வேண்டும். கைக்குப் பென்சில் பழகும் வரை காத்திருக்கத் தெரிந்தவர் வேண்டும்.

மூன்றாவது. பெற்ற உரிமை பூட்டி வைத்த நகை அல்ல. 2013ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த 1965 வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான காவலைச் செயலற்றதாக்கியது. ஐம்பது வருஷம் கழித்தும் காவல் தேவைப்படுகிறது.

2000ல் தென் கரோலினா டிலேன் மீதிருந்த பழைய குற்றச்சாட்டை நீக்கியது. 2004ல் டிலேனுக்கும் பியர்சனுக்கும் ஹாரி, எலைசா பிரிக்ஸுக்கும் அமெரிக்கக் காங்கிரஸின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. அப்போது நால்வரில் ஒருவர் கூட உயிரோடு இல்லை. செத்தவனுக்குத் தங்கம் கொடுப்பது சுலபம். உயிரோடு இருந்து பஸ் கேட்டவனுக்கு பஸ் கொடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது!

ஆகவே தோழர்களே, பதக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். நம்மில் எழுத்துத் தெரிந்தவர், தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளட்டும். கையெழுத்துப் போட்டதற்காக வேலை இழந்தவன் எவனும் நம் மத்தியில் தனியாக உலை வைக்காமல் இருக்கட்டும். இந்த இரண்டையும் செய்தால், அந்தத் தீவின் கிழவி தொட்டுக் காட்டிய எழுத்துக்களை நாமும் வாசித்தவர்கள் ஆவோம்.